பின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது: எதை மாற்றுவது?

பொள்ளாச்சியிலிருந்து 41 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். விவசாய இடுபொருள் விற்பனைப் பிரதிநிதி. வாரம் ஒருமுறையாவது ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஏறி இறங்குகிறவர். வண்டி 150 சிசி, நான்கு வருடம் ஆகிறது, 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு சக்கரத்திலும் டிஸ்க், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும்.

மூன்று வாரம் முன்பு டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பின் பேட் தேய்ந்துவிட்டதென்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் புதுசு போட்டிருக்கிறார். மெக்கானிக், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவியிருக்கிறார். மாட்டிய பிறகு பெடல் ஆழமாக இறங்கியதால், "ராடைக் கொஞ்சம் ஏத்தி வச்சா சரியாயிடும்ணா" என்று பெடலோடு சேர்ந்த புஷ் ராடை ஸ்பானரால் திருகிக் கொடுத்திருக்கிறார். வீடு வரும்வரை பிரேக் கச்சிதமாகப் பிடித்ததாம். மறுநாள் தொடங்கியது தொல்லை. ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியதும் பெடல் கல்லாகிவிடுகிறது. வண்டி இழுக்கிறது, பின்சக்கரத்திலிருந்து கருகல் வாடை வருகிறது. அரைமணி நேரம் நிறுத்தினால் எதுவும் நடக்காததுபோலச் சரியாகிவிடுகிறது. போன வாரம் வால்பாறையிலிருந்து இறங்கும்போது, பாதி வளைவுகள் தாண்டியதும் பெடல் திடீரென்று பஞ்சாகி அடிவரை போய்விட்டது. கியரைக் குறைத்து, முன் பிரேக்கைப் பிடித்து, ஓரமாக நிறுத்தித் தப்பியிருக்கிறார்.

பேட் போட்டவர் "புது பேட், செட் ஆகிடும்" என்கிறார். இன்னொருவர் "ஏர் இருக்கு" என்று இரண்டு முறை ஏர் எடுத்துவிட்டார், அதாவது பிரேக் ஆயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றியிருக்கிறார். சர்வீஸ் சென்டரில், பெடல் மிதிப்பை ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் இரண்டையும் முழுசாக மாற்ற 7,800 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "சில சமயம் பெடலை மிதிக்காமலேயே பிரேக் லைட் எரிகிறது. அது வயரிங் கோளாறு, அதைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்." எதை மாற்றுவது, அதுவரை வண்டியை ஓட்டலாமா, முதல் ஒர்க்‌ஷாப்பில் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பழுது தீரும்வரை இந்த வண்டியில் மலை ஏற வேண்டாம், பின்னால் யாரையும் உட்கார வைக்கவும் வேண்டாம். அன்று பெடல் பஞ்சானது தற்செயல் அல்ல. மூன்று வாரமாக உங்கள் காலுக்குக் கல்லாகத் தெரிந்த அதே நோய் முற்றிய கட்டம் அது. பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வந்து, அந்தச் சூட்டில் காலிப்பருக்குள் இருந்த பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியை முடியும். நீங்கள் மிதித்த மிதியெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விட்டது. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், டாட் 3 என்றால் 205. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் ஏறிய நிலைக்கு டாட் 4க்கு விதித்திருக்கும் குறைந்தபட்சம் 155, டாட் 3க்கு 140. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். நான்கு வருடத்தில் ஒருமுறையாவது முழுசாக மாற்றியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. ஏர் எடுத்தபோது கொஞ்சம் மேலே ஊற்றியிருப்பார்கள், அதை மாற்றியதாகக் கணக்கில் சேர்க்க முடியாது.

அடுத்து, "ஏர் இருக்கு" என்ற தீர்ப்பு. ஏர் இருந்தால் பெடல் மெத்தென்று ஆழமாகப் போகும். உங்களுக்கு நேர்மாறாக, ஓட ஓடப் பெடல் உயர்ந்து இறுகுகிறது. லைனுக்குள் அழுத்தம் ஏறியபடி இருக்கிறது, வெளியேற வழியில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். ஏர் எடுக்கக் காலிப்பரில் உள்ள நிப்பிளைத் திறந்தபோது அந்த அழுத்தமும் சேர்ந்து வெளியேறியிருக்கும். அதனால் இரண்டு முறையும் கொஞ்ச தூரத்துக்குச் சரியானதுபோல இருந்திருக்கும். பேட் போட்ட அன்று பெடல் ஆழமாக இறங்கியதே, அப்போது உள்ளே ஏர் இருந்திருக்கலாம். அன்று அதை எடுக்காமல் ராடை ஏற்றிவிட்டார்கள். என் சந்தேகம் முதலில் விழுவது அங்கேதான்.

ஏன் என்று புரிய மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் நிற்கும் ஆயில் கப்பிலிருந்து சிலிண்டருக்குள் வருவதற்கு இருக்கும் வழிகளில் ஒன்று ஊசிமுனை அளவே உள்ள துளை. பெடல் ஓய்வில் இருக்கும்போது பிஸ்டனின் ரப்பர் கப் அந்தத் துளைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டும். மிதித்ததும் ரப்பர் துளையைத் தாண்டி முன்னே போகும், துளை அடைபடும், அழுத்தம் உண்டாகும். காலை எடுத்ததும் ரப்பர் பின்வாங்கி, துளை திறந்து, மிச்ச அழுத்தம் ஆயில் கப்புக்குத் திரும்பும். சூட்டில் ஆயில் விரிவடைந்தால் அந்தக் கூடுதலும் இதே துளை வழியாகத்தான் மேலே போகிறது. ரப்பர் அரை மில்லிமீட்டர் முன்னால் நின்றாலும் துளை மூடிக்கொள்ளலாம். அப்புறம் ஓடும்போது விரிகிற ஆயில் போக இடமில்லாமல் காலிப்பர் பிஸ்டனைத் தள்ளும், பேட் உரசும், உரசல் சூட்டைக் கூட்டும், சூடு ஆயிலை இன்னும் விரிக்கும். ஆறினால் ஆயில் சுருங்கி எல்லாம் விட்டுவிடும். உங்கள் அரைமணி நேரக் கணக்கு இதுதான்.

வண்டி ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டியவை

பிரேக் லைட்டிலிருந்து தொடங்குங்கள், அது தனிக் கோளாறு இல்லை. மிதிக்காமல் லைட் எரியும் நேரத்தில் பெடல் நுனியை விரலால் மேலே தூக்கிப் பாருங்கள். லைட் அணைந்தால் வயரிங் நன்றாக இருக்கிறது, பெடல்தான் முழுசாகத் திரும்பி வரவில்லை. பெடல் சுழலும் அச்சு ஃபுட்ரெஸ்ட்டுக்குப் பக்கத்தில் சேற்றுத் தண்ணீர் நேராக அடிக்கும் இடம். மழைக்காலத்தில் வால்பாறைச் சாலையில் ஓடும் வண்டியில் அங்கே கிரீஸ் காய்ந்து துருவேறுவது சகஜம். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்ட அரைமணி நேரம் போதும். ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். உங்கள் ஷூவின் முன்பாகம் ஓட்டும்போது பெடல்மேல் படிந்தே இருக்கிறதா என்றும் கவனியுங்கள். பலருக்குத் தெரியாமலே இருக்கும் பழக்கம் இது.

அடுத்தது ராட். பெடலின் பின்முனையையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் புஷ் ராடில் ஒரு லாக் நட் இருக்கும். பெடல் ஓய்வில் இருக்கையில் ராடை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பிஸ்டனில் முட்டுவதற்கு முன் சுமார் ஒரு மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும், பெடல் நுனியில் அது சில மில்லிமீட்டராகத் தெரியும். ஆட்டமே இல்லாமல் விறைப்பாக நின்றால் ராட் பிஸ்டனை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. லாக் நட்டைத் தளர்த்தி, ஆட்டம் கிடைக்கும்வரை ராடைச் சுருக்கி, நட்டைத் திரும்ப இறுக்குங்கள். இது பெடலுக்குத் தனி ஸ்டாப்பர் உள்ள வண்டிக்கான கணக்கு. சில மாடல்களில் ஸ்டாப்பர் கிடையாது, ராட் நீளம் பெடலின் உயரத்தை மட்டும் மாற்றும். அப்படியென்றால் பெடல் வேறு எதிலாவது முட்டுகிறதா என்று பாருங்கள். உங்கள் மாடலுக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

மூன்றாவது, ஆயில் கப்பின் மூடியைத் திறப்பது. அதற்கு முன் சுற்றிலும் துணி போர்த்துங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பேட் தேய்ந்திருந்தபோது யாராவது ஆயிலை நிரப்பி, பிறகு புது பேடுக்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தால், கப் விளிம்புவரை ததும்பும். மேல் கோட்டுக்கு மேலிருப்பதை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இப்போது மூடி திறந்திருக்க, ஒருவரைப் பெடலைக் கையால் மிக மெதுவாக, நுனி மட்டும் அசையும்படி அமுக்கச் சொல்லி ஆயிலின் மேற்பரப்பைப் பாருங்கள். துளை திறந்திருந்தால் அமுக்கும் முதல் கணத்தில் ஒரு சிற்றலை எழும். கப் தனியாக ரப்பர் டியூபில் இணைந்திருக்கும் வண்டியில் அது மெலிதாகத்தான் தெரியும், வெளிச்சத்தில் உற்றுப் பார்க்க வேண்டும். பல முறை அமுக்கியும் மேற்பரப்பு அசையவே இல்லையென்றால் துளை மூடியிருக்கிறது, அல்லது அழுக்கால் அடைபட்டிருக்கிறது.

பிடித்திருக்கும் நேரத்தில் பெடலிலிருந்து சக்கரம் நோக்கிப் போங்கள்

மேலே சொன்னதில் குற்றவாளி அகப்படாவிட்டால் பிரேக் பிடித்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஆறியபிறகு எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலும் நல்ல வண்டியைத்தான் காட்டுவீர்கள். மெக்கானிக் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, ஒர்க்‌ஷாப் பக்கத்திலேயே சமதளமான ஆளில்லாத சாலையில் 30 கி.மீ. வேகத்துக்குள் ஓட்டி, பிடிக்கத் தொடங்கியதும் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். கண்ணாடி, கையுறை இரண்டும் வேண்டும். ஆயில் கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கலாம். டிஸ்க்கைத் தொடவே வேண்டாம்.

சக்கரம் கையால் சுற்ற வரவில்லை என்று உறுதியானதும் முதலில் பெடலைத் தூக்குங்கள். சக்கரம் விட்டால் பழுது பெடல் அச்சில். விடவில்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் இரண்டு சுற்று தளர்த்தி, சிலிண்டரை ராடிலிருந்து லேசாக விலக்குங்கள். இதில் ஒரு சொட்டு ஆயிலும் வெளியே வராது. சக்கரம் விட்டால் ராடின் நீளம்தான் காரணம், வழக்கு முடிந்தது.

அதற்கும் விடவில்லையென்றால் துணியைச் சுற்றிக்கொண்டு, மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் பேன்ஜோ போல்ட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் விட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே துளை அடைபட்டிருக்கிறது. இன்னும் பிடித்திருந்தால் அந்த போல்ட்டை இறுக்கிவிட்டு, காலிப்பரின் நிப்பிளில் டிரான்ஸ்பரன்ட் டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, கால் சுற்று திறந்துவிடுங்கள். பல வண்டிகளில் இதற்கு 8 மி.மீ. ரிங் ஸ்பானர் சரியாக வரும். இங்கே விட்டால் ஹோஸின் உள்சுவர் ஊதியோ உரிந்தோ அழுத்தத்தைத் திரும்ப விடாமல் தடுக்கிறது. வெளியே பார்க்க ஹோஸ் புதுசு போலவே இருக்கும்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடாவிட்டால் காலிப்பரே சிக்கியிருக்கிறது. உங்கள் வண்டியில் இதற்கு வாய்ப்பு குறைவு என்று நினைக்கிறேன். காலிப்பர் மட்டும் சிக்கும்போது பெடல் இப்படிக் கல்லாக உயர்வதில்லை. ஆனாலும் கழற்றும்போது இரண்டு பேடின் தேய்மானத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரில் பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகரும் ஸ்லைடு பின் காய்ந்துவிட்டது. அதற்குப் பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் மட்டுமே போட வேண்டும். செயினைச் சரிசெய்தபோது இரண்டு பக்க அளவுக்கோடும் ஒன்றாக இல்லாமல் சக்கரம் கோணலாக உட்கார்ந்தாலும், காலிப்பர் பிராக்கெட், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் கட்டையில் சரியாகச் சேராவிட்டாலும் பேட் உரசும்.

பேன்ஜோ போல்ட்டைத் திறந்த பிறகு இரண்டு பக்க வாஷரும் புதுசு போட்டு, முழுசாக ஏர் எடுத்தே ஆக வேண்டும். இந்தச் சோதனை உங்களுடையதுபோலப் பின்சக்கரத்துக்கு ஏபிஎஸ் இல்லாத வண்டிக்குத்தான். இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் லைன் நடுவே ஏபிஎஸ் யூனிட் இருக்கிறது, அதைச் சர்வீஸ் சென்டரில்தான் பார்க்க வேண்டும்.

பெட்ரோலில் கழுவிய காலிப்பர்

ராடைச் சரிசெய்ததும் தொல்லை நின்றுவிட்டாலும் இந்த விஷயத்தை விட்டுவிடாதீர்கள். கடையில் பிரேக் ஆயில் என்று கேட்டு வாங்கினாலும் அது எண்ணெய் வகையே இல்லை, கிளைக்கால் வகைத் திரவம். அதில் ஊறிக்கிடக்கும்படி செய்த ரப்பர், பெட்ரோலோ டீசலோ இன்ஜின் ஆயிலோ பட்டால் ஊதிவிடும். காலிப்பர் சீல் ஊதினால் பிஸ்டன் இறுகும். ஊதின ரப்பர் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் கப்பாக இருந்தால் அதுவே அந்த ஊசித்துளையை மூடிவிடும், ராட் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. பெட்ரோல் மாஸ்டர் சிலிண்டர்வரை போனதா என்பதை ஆயில் கப் மூடிக்கு அடியில் இருக்கும் மடிப்பு வைத்த ரப்பரே சொல்லிவிடும். எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்துப் பாருங்கள். பள்ளத்தில் பொருந்தாமல் விளிம்பு நெளிந்து பெரிதாகத் தெரிந்தால் உள்ளே எல்லா ரப்பரும் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது காலிப்பர் சீல், மாஸ்டர் சிலிண்டர் கிட் (பிஸ்டனும் ரப்பர்களும் சேர்ந்த தொகுப்பு), மூடி ரப்பர், ஹோஸ் நான்கையும் மாற்றுவதுதான் வழி. ரப்பர் பொருந்தி உட்கார்ந்தால் காலிப்பர் சீலை மட்டும் மாற்றினால் போதும். பாகங்களைப் பிரேக் கிளீனரிலோ புது பிரேக் ஆயிலிலோதான் கழுவ வேண்டும்.

சர்வீஸ் சென்டரின் 7,800 ரூபாய் பட்டியலைப் பொய் என்று சொல்ல மாட்டேன். முழு அசெம்ப்ளி மாற்றினால் பழுது போய்விடும். ஆனால் கிட் கிடைக்கும் மாடல்களில் அது பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். சிலிண்டரின் உட்சுவரில் கீறலோ துருக்குழியோ இருந்தால் மட்டும் அசெம்ப்ளி தேவை. "பிரித்துப் பார்த்துச் சுவரைக் காட்டுங்கள், பிறகு முடிவு செய்கிறேன்" என்று சொல்லுங்கள். உங்கள் மாடலுக்குக் கிட் தனியாகத் தருவதில்லை என்றால் வேறு வழியில்லை, அப்போதும் எது கெட்டதோ அதை மட்டும் வாங்குங்கள்.

எந்தப் பாகத்தை மாற்றினாலும் இரண்டு செலவைத் தவிர்க்க முடியாது. கொதித்த ஆயிலை முழுசாக மாற்ற வேண்டும். கப் மூடியில் டாட் 4 என்று போட்டிருந்தால் மூடி பிரிக்காத புது பாட்டில் டாட் 4. டாட் 5 வேண்டாம், அது சிலிக்கான் வகை, இதோடு சேராது. ஏர் எடுக்கும்போது பெடலை மிதித்துப் பிடித்து, நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே பெடலை விட வேண்டும். நடுவில் கப் காலியாகக்கூடாது. இரண்டாவது செலவு பேட். மூன்று வாரம்தான் ஆகிறது என்றாலும் கருகியிருக்கும். மேற்பரப்பு கண்ணாடிபோல மின்னினாலோ ஓரம் வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் கோணல் உண்டா என்றும் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பணத்தைக் கேட்கலாமா

கேட்கலாம். கவனக்குறைவான வேலை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடுதான், அது தெருவோர ஒர்க்‌ஷாப்புக்கும் பொருந்தும். ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. எனவே எதையும் சரிசெய்யும் முன் ராடின் நிலையைப் படம் எடுங்கள். கழற்றிய ஊதிய ரப்பரைப் புது ரப்பரின் பக்கத்தில் வைத்து இன்னொரு படம். பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சரிசெய்பவரிடம் பழுது என்ன என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். முதல் ஒர்க்‌ஷாப்பில் பில் வாங்கவில்லை என்றால் யுபிஐ பரிமாற்றம் போதிய அடையாளம். அதை வைத்துக்கொண்டு முதலில் அந்த மெக்கானிக்கையே போய்ப் பாருங்கள். தவறு என்னவென்று நேரில் காட்டினால் பலர் ஒப்புக்கொண்டு செலவை ஏற்பார்கள், அடுத்த வண்டியைப் பெட்ரோலில் கழுவவும் மாட்டார்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கு மேல் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது. சில நூறு ரூபாய்க்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அடிபட்டிருந்தால் என் பதில் வேறாக இருக்கும்.

முன் பிரேக்கைப் பற்றிய பயம்

"முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறியும் என்பதால் எப்போதும் பின் பிரேக்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று உங்களை வற்புறுத்திக் கேட்கிறேன். பிரேக் போட்டதும் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, இறக்கத்தில் இன்னும் அதிகம் போகிறது. எடை இறங்கும் சக்கரத்துக்குத்தான் பிடிமானம். லேசாகிவிட்ட பின்சக்கரத்தை மிதித்தால் அது சுற்றுவதை நிறுத்திவிட்டு வழுக்கும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் ஆனது, உங்கள் மாடலில் அது முன்சக்கரத்தில் இருக்கிறது. நீங்கள் பயப்படும் பிரேக்தான் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்றும் பிரேக், நம்பியிருக்கும் பிரேக்குக்கு அந்தக் காவல் இல்லை. 40 கொண்டை ஊசி வளைவையும் பின் பிரேக்கை மட்டும் மிதித்தே இறங்கினால் பழுதில்லாத வண்டியில்கூட ஆயில் சூடேறும்.

பழுது பார்த்து முடிந்ததும் ஊருக்குள் பத்து கிலோமீட்டர், வழியெங்கும் பின் பிரேக்கை அளவாகப் பயன்படுத்தி ஓட்டுங்கள். நிறுத்தும்போது கடைசி இருநூறு மீட்டரில் பின் பிரேக்கைத் தொடாதீர்கள். ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றினால் பேட் லேசாக உரசும் சத்தத்தோடு இரண்டு மூன்று சுற்றாவது போக வேண்டும். டிஸ்க்மேல் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சுர்ரென்று கொதித்துப் பறந்தால் இன்னும் உரசுகிறது. இரண்டு மூன்று நாள் இதே சோதனையில் தேறிய பிறகு மலைக்குப் போங்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே, இரண்டிலோ மூன்றிலோ, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடித்து வாருங்கள். அட்டகட்டியில் ஐந்து நிமிடம் நிறுத்திப் பெடலை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். கிளம்பியபோது இருந்த அதே உயரத்தில் பிடித்தால் தொடர்ந்து இறங்கலாம். உயர்ந்திருந்தால் முழுக்க ஆறும்வரை அங்கேயே காத்திருங்கள். டிஸ்க்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோணிவிடும். ஆறியதும் மிச்ச மலையை ஓட்டி இறங்காமல், வண்டியை ஒரு மினி லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.